மகளுக்காக ஒரு பழைய ஸ்ப்ளெண்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் லேத் ஓட்டினேன். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போன ஆவணியில் என் மகளுக்குக் கிண்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலை முடியும். வீடு கொரட்டூர். பாடி மேம்பாலம் ஏறி, திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் பில்லர் என்று நூறடி ரோட்டிலேயே கத்திப்பாரா வரை போக வேண்டும். போக வர முப்பது கிலோமீட்டர். "ஸ்கூட்டி வேண்டாம்ப்பா, கியர் வண்டியே பாருங்க" என்றாள். அவள் ஓட்டக் கற்றதே கியர் வண்டியில்தான். அதனால் செகண்ட் ஹேண்டில் ஸ்ப்ளெண்டர் தேடினோம்.

ஏன் ஸ்ப்ளெண்டர் என்று சொல்லிவிடுகிறேன். 1994-இலிருந்து வருகிற வண்டி. அந்த 97.2 சி.சி. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கத் தெரியாத மெக்கானிக் நம் ஊரில் இல்லை. பார்ட்ஸ் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். 18 இஞ்ச் சக்கரம் என்பதால் மழைக்குப் பிறகு வரும் பள்ளங்களில் ஸ்கூட்டர் அளவுக்குத் தடுமாறாது. எடையும் குறைவு. என் மகள் ஐந்தடி இரண்டு அங்குலம். சென்டர் ஸ்டாண்டு அவளே போட்டுவிடுவாள்.

மொத்தம் நாற்பதாயிரம் என்று முடிவு செய்தோம். அதில் முப்பதுக்கு மேல் வண்டிக்குக் கொடுப்பதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பலரும் கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, வழுக்கை டயரோடு ஆறு மாதம் ஓட்டுகிறார்கள். பழைய வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பணம் கேட்கும். அந்தப் பணத்தை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

முதலில் பார்த்தது ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் கடையில். 2014 மாடல், பெயின்ட் பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. மகளுக்குப் பிடித்துவிட்டது. நான் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு ஹெட்லைட்டைக் கழற்றினேன். டூமுக்குள், அதாவது விளக்குக் கூட்டுக்குள், அடியில் மாவு மாதிரி காய்ந்த சேறு. வயர் கனெக்டர்களில் பச்சை பிடித்திருந்தது. அதற்கு மேல் பார்க்கத் தேவையே இல்லை, கிளம்பிவிட்டோம்.

சென்னையில் பழைய வண்டி வாங்குகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். 2015-க்கு முந்தைய வண்டி என்றால் அந்த டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் கடந்துதான் வந்திருக்கும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை என்றில்லை, நம் தெருவிலேயே முழங்கால் தண்ணீர் நின்றது. நனைந்த வண்டி எல்லாம் கெட்ட வண்டி இல்லை. உடனே பிரித்துச் சுத்தம் செய்திருந்தால் நன்றாக ஓடும். ஆனால் மேலே பெயின்ட் அடித்து மறைத்த வண்டி இரண்டு வருஷத்தில் வயரிங் முழுவதையும் மாற்ற வைக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஹெட்லைட் டூமின் உள்பக்கம், மீட்டர் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி, சீட்டைக் கழற்றினால் ஸ்பாஞ்சில் வரும் வாடை, ஆரக்கம்பி (ஸ்போக்ஸ்) ரிம்மில் சேருமிடத்தில் துரு. ஆயில் கேஜைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடலோரத்து வண்டி என்றால் மட்கார்டின் உள்பக்கத்தைக் கை விட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்று உள்ளேயிருந்துதான் தின்னும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள்

இரண்டாவது வண்டி வில்லிவாக்கத்தில், நேரடி ஓனரிடம். 2013 மாடல், டி.என். 02 பதிவு, காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் மாடல். போனிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்: "சார், நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க." போனதும் முதலில் எஞ்சின் ஃபின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியைச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் பலம், போய்விட்டது, ரிங்கோ வால்வோ கேட்கும். அப்புறம் எஞ்சினை ஓடவிடாமல் சாவி மட்டும் போட்டு ஹாரன், இன்டிகேட்டர் பாருங்கள். கிக்கர் மாடலில் பேட்டரி செத்திருந்தாலும் எஞ்சின் ஓடிவிடும், ஓடும்போது ஹாரனும் அடிக்கும். ஓடாதபோது பார்த்தால்தான் பேட்டரியின் நிலைமை தெரியும்.

ஸ்டார்ட் செய்ததும் பின்னால் போய் நில்லுங்கள். காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்புரேட்டர் வேலை, சின்ன செலவு. சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். மேலே ஹெட்டில் தையல் மெஷின் மாதிரி ஒரே தாளத்தில் "டக் டக்" என்றால் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி; ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துச் சரி செய்துவிடலாம். இடது பக்கம் "கரகர" என்று ஆக்ஸிலேட்டரை விடும்போது அதிகமானால் டைமிங் செயின். கீழேயிருந்து கனமாக "தட் தட்" என்று வந்தால் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க்கில் வேலை. அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அழுத்தினால் முன்சக்கரம் தூக்கும். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நேர்கோட்டுக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவது போல் பிடித்தால் கோன் போய்விட்டது. அதோடு மேம்பாலத்து வளைவில் போனால் வண்டி தன் இஷ்டத்துக்கு இழுக்கும். இந்த வண்டியில் லேசாகப் பிடித்தது. குறித்துக்கொண்டேன்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கம் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயர் மேலிருக்கும் வெட்டு) நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருஷமான டயர் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் பார்ப்பதில்லை. கேபிளைக் கழற்றினால் நின்றுவிடும் மீட்டரை எப்படி நம்புவது? பிரேக் பெடலின் தேய்மானமும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் வண்டியின் வயதைச் சொல்லிவிடும்.

அவர் 31,000 சொன்னார். செயின், டயர், கோன், 2028-இல் ஆர்.சி. முடிவது என்று நான்கையும் எழுதிக் காட்டினேன். இருசக்கர வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அதற்குப் பின் ஆய்வு முடித்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 28,500-க்கு முடிந்தது. குறையைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் தாளில் எழுதி நீட்டினால் விற்பவருக்கும் வருத்தமில்லாமல் விலை இறங்கும்.

காகிதம்

பணம் கொடுப்பதற்கு முன் வண்டி எண்ணை எம்பரிவாஹன் ஆப்பில் போட்டு ஓனர் பெயர், எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்று பாருங்கள். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் தெரியும். இந்த வண்டிக்கு ஹெல்மெட் அபராதம் ஒன்று இருந்தது; அவரே எங்கள் முன்னால் கட்டினார். சேஸி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஃபைனான்ஸ் போட்டு வாங்கிய வண்டி என்றால் கடன் முடிந்த சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் இருக்கிற பழைய ஓனர்தான் முதலில் கோர்ட்டுக்குப் போவார். இன்னொன்று: டெலிவரி நோட் எழுதி, தேதியோடு மணி நேரத்தையும் போட்டு இருவரும் கையெழுத்து இடுங்கள். கேமரா பிடித்த அபராதம் யாருடையது என்ற சண்டையே வராது.

வீட்டுக்கு ஓட்டி வரும் முன் அங்கேயே காற்று, இரண்டு பிரேக், பெட்ரோல் பார்த்தோம். வண்டியை நான் ஓட்டினேன், மகள் என் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். பின்விளக்கும் பிரேக் விளக்கும் எரிகிறதா என்று பார்க்க அவளைத்தான் நம்பியிருந்தேன். "பிரேக் லைட் எரியலப்பா" என்றாள் முதல் சிக்னலிலேயே. மிச்ச தூரம் முழுக்கக் கையை நீட்டிச் சைகை காட்டித்தான் வந்தேன்.

முதலில் நிற்க வேண்டும்

மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: எல்.இ.டி. லைட், போன் சார்ஜர், புது ஸ்டிக்கர், முன்னால் டிஸ்க் பிரேக். நான் வேறு பட்டியல் எழுதினேன். வண்டி நிற்க வேண்டும், இரவில் அவளுக்குப் பாதை தெரிய வேண்டும், மற்றவர்களுக்கு அவள் தெரிய வேண்டும், அப்புறம் எஞ்சின், அப்புறம்தான் சார்ஜர். பணம் தீர்ந்துபோகும் இடத்தில் பட்டியலும் நிற்கட்டும் என்று பேசிக்கொண்டோம்.

டிரம் பிரேக்கில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ தேய்ந்ததும் புது ஷூ போடாமல், அதை விரிப்பதற்காக டிரம் வெளியே இருக்கும் கேம் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். லீவர் இறுக்கமாகிவிடும், ஷூ மட்டும் தாளாக இருக்கும். இந்த வண்டியின் பின் பிரேக்கில் அதுதான் செய்திருந்தார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் பிரேக் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டேன். வெர்னியர் வைத்து டிரம்மை நான்கு இடத்தில் அளந்தேன். வட்டம் குலையாமல் இருந்தது, கடைசல் வேண்டியிருக்கவில்லை. புது ஷூவின் முன்விளிம்பை எமரி தாளில் லேசாகச் சரித்தேன், கிறீச் சத்தம் வராது. கேம் தண்டுக்குக் கிரீஸ் ஒரு பொட்டு போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கும். முன் பிரேக் கேபிள் புதிது. முதல் நூறு கிலோமீட்டருக்குத் திடீரென்று அழுத்தாமல் மெதுவாகப் பிடித்து ஓட்டச் சொன்னேன், ஷூவும் டிரம்மும் ஒன்றோடொன்று படிய வேண்டும்.

"டிஸ்க் போட்டா இன்னும் நல்லா நிக்கும்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வேறு வண்டியிலிருந்து வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு ஆர்.சி.யில் உள்ளதை மாற்றும் வேலைகளைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. சைலன்சர் மாற்றுகிறவர்களுக்கும் இதுவே. இந்த வேகத்துக்கு, இந்த எடைக்கு, ஒழுங்காகச் சேர்த்த டிரம் போதும்.

டயரில் கஞ்சத்தனம் செய்யவில்லை. முன்னால் வண்டிக்குரிய 2.75-18, பின்னால் அதைவிட ஒரு பிடி அகலமாக 3.00-18. டியூப், ரிம் டேப் இரண்டும் புதிது. ஆரக்கம்பி ரிம் என்பதால் டியூப்லெஸ் பற்றி யோசிக்க வேண்டாம். டயர் மாட்டும் முன் ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி "டிங்" என்று பாடும், தளர்ந்தது "டப்" என்று அமுங்கும். ஒன்பது கம்பி அமுங்கின. பெண்டு எடுக்கும் கடையில் கொடுத்து வாங்கினேன். காற்று முன்னால் 25, பின்னால் 28. வாரம் ஒருமுறை, சக்கரம் சூடாகும் முன்.

அப்புறம் வெளிச்சம்

இந்த மாடலில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏ.சி. கரண்டில் எரிகிறது. அதனால்தான் பாடி சிக்னலில் நிற்கும்போது மங்கி, முறுக்கினால் பிரகாசமாகிறது. கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை இதில் சொருகினால் துடிக்கும், சீக்கிரம் போய்விடும். 60 வாட் ஹாலஜன் போட்டால் அவ்வளவு கரண்டைக் காயில் கொடுக்காது.

மல்டிமீட்டர் எடுத்து, எஞ்சினை ஒரே வேகத்தில் வைத்து பல்பு முனையில் அளந்தேன். 9.6 வோல்ட். எங்கோ வழியில் தின்கிறது. ஹேண்டில் சுவிட்சைத் திறந்து கான்டாக்டைச் சுத்தம் செய்தேன். எர்த் போல்ட்டைக் கழற்றி பெயின்ட்டைச் சுரண்டி மாட்டினேன். பச்சை பிடித்த இரண்டு கனெக்டரை மாற்றினேன். அதே வேகத்தில் 11.8 வந்தது. ரிஃப்ளெக்டர் மங்கியிருந்ததால் டூம் புதிது, 35/35 வாட் பல்பு நல்ல கம்பெனியில். இரவில் காம்பவுண்டு சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, அவளை மேலே உட்கார வைத்து, லோ பீமின் மேல் விளிம்பு ஹெட்லைட் மையத்தின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழும்படி திருகினேன். தனியாகச் சுவரில் பார்த்துத் திருகினால் ஆள் உட்கார்ந்ததும் பின்பக்கம் இறங்கி, வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போய்விடும்.

பிரேக் விளக்கில் பின் சுவிட்சின் ஸ்ப்ரிங் அறுந்திருந்தது, பத்து நிமிட வேலை. பேட்டரி புதிது போட்டாயிற்று.

புதுப்பேட்டையில் எது, கடையில் எது

புதுப்பேட்டைக்கு நான் இருபது வயதிலிருந்து போகிறேன். பழைய பாகங்களுக்கு அதுபோல் இடமில்லை. சைடு பேனல், மீட்டர் கூடு, கிராப் ரெயில், டூல் பாக்ஸ் மூடி இவற்றை அங்கே தைரியமாக வாங்கலாம். என்னுடைய சைடு பேனல் ஜோடி 350 ரூபாய். ஆனால் பிரேக் ஷூ, கேபிள், பேரிங், கோன் செட், செயின் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. அதற்கு ஜி.பி. ரோட்டில் புதிதாக, கம்பெனி அட்டைப்பெட்டியில், பில்லோடு வாங்குங்கள். எஞ்சினோ சேஸியோ நம்பர் பொறித்த பாகம் எதையும் பில் இல்லாமல் தொட வேண்டாம், யாருடைய திருடுபோன வண்டியோ அது.

எஞ்சின் வேலை சுருக்கமாக. பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போது இறக்கி, தட்டில் காந்தத்தை விட்டுப் பார்த்தேன். மெல்லிய பசை மட்டும்தான், துண்டு இல்லை. புது ஆயில் 10 டபிள்யூ 30. "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் போடுங்கண்ணே" என்று கடைக்காரர் சொன்னார். அது சத்தத்தை அமுக்கும், ஆனால் இந்த எஞ்சினின் மெல்லிய வழிகளுக்குக் காலையில் மெதுவாகத்தான் போய்ச் சேரும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும். கிளட்ச் ஆயிலிலேயே ஊறுவதால் கார் ஆயில் போட்டால் வழுக்கும். இதில் பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது, வலை ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் டியூப் மூன்றும் புதிது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, தண்ணீரையும் இழுக்கும். அதனால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கோன் செட், ஃபோர்க் ஆயில், செயின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சீட்டில் முன்பக்கம் ஸ்பாஞ்சை ஓர் அங்குலம் குறைத்துத் தைத்தோம், இப்போது அவள் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படிகிறது. சேலை கார்டு இரும்புக்கம்பி அழகில்லை என்று கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது விதி. துப்பட்டா செயினில் சிக்கியதை எஸ்டேட் வாசலில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் இரண்டு, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.

எல்லாம் முடித்தபோது 11,200 ஆகியிருந்தது. மிச்சம் 300-இல் சார்ஜர் வரவில்லை. அதை அவள் முதல் சம்பளத்தில் வாங்கினாள். சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி, ஃபியூஸ் வைத்து இணைத்துக் கொடுத்தேன்.

500 கிலோமீட்டரில் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். புது செயின் நீளும், ஷூ படிந்து லீவர் தளரும், கோன் உட்கார்ந்து லேசாக ஆடும், ஸ்போக்ஸும் இளகும். ஆக்சில் நட், எஞ்சின் மவுண்டிங் போல்ட்டு, சைலன்சர் நட் எல்லாவற்றுக்கும் ஸ்பேனர் ஒருமுறை வைத்துவிடுங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் 20-இலிருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள், அதில் எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அதை என் மகள் செய்தாள். இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே எண்ணில் நிற்கிறதா என்று மட்டும் நான் குனிந்து பார்த்தேன், நின்றது.